தார்ப்பாய் போடாத திங்கட்கிழமை

எர்லீன் பாபின் கல்லூரியில் வேலை பார்த்தாளே தவிர, கல்லூரிக் கட்டடம் எதற்குள்ளும் தானாக விரும்பிப் போனவள் இல்லை. பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், பின்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கரும்பு வெட்டும் பருவத்தில் டிராக்டர் ஓட்டப் போய்விட்டாள். டிராக்டர் யாரையும் வாசிக்கச் சொல்வதில்லை.

அந்த டிராக்டர் பழக்கத்தோடு, பேயூ ப்ளாங் கல்லூரியில் புல் வெட்ட ஆள் வேண்டும் என்றபோது வந்து சேர்ந்தாள். பேஸ்பால் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு வசந்தத்தில் முட்டிவலி என்று நின்றுவிட்டார். “ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பாத்துக்கோ” என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை. யாரும் தேடியதாகவும் தெரியவில்லை. அப்போது கறுப்பாக இருந்த எர்லீனின் பின்னல் இப்போது முழுக்க வெளுத்துவிட்டது.

மைதானத்தில் அவள் பேச்செல்லாம் மேகம் கூடும்போதுதான். வேலியோரம் பெரிய உருளையில் சுற்றி வைத்திருக்கும் தார்ப்பாயை இழுத்து, நடுவிலிருக்கும் செம்மண் முழுவதையும் மூட வேண்டும். ஒருத்தி இழுக்கிற பாரம் இல்லை அது. ஆட்டக்காரப் பையன்கள் எல்லாரும் ஓடிவந்து பிடிப்பார்கள். “அந்த மூலை. இன்னும். விடாதே. மூட்டை வை.” அவ்வளவுதான் சொல்வாள். மணல்மூட்டைகளை விளிம்பில் வைத்து முடித்ததும் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். வெறும் செம்மண்ணை மழைக்குக் கொடுத்தோம் என்று அவள் வேலைக்காலத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

வீட்டில் பேசுவதற்கு அண்ணன் அல்சீட் இருந்தான். இறால் படகில் இருந்து ஓய்ந்தவன். அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் இரண்டு பேரும் கல்யாணம் காட்சி இல்லாமல் காலத்தை ஓட்டினார்கள். தங்கைக்கும் சேர்த்து அவனே பேசினான். ரேடியோவில் கல்லூரி ஆட்டம் ஓடினால் ரேடியோவோடும் பேசுவான்.

அந்த வருஷம் அவனுக்குப் பேச நிறைய இருந்தது. பேயூ ப்ளாங் அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. கோச் மாரெல் வந்த பிறகு இப்படி ஒரு வருஷம் வாய்த்ததில்லை. மே மாதம் பிறந்ததும் ஊர் முழுக்க ஒரே கேள்வி: அழைப்பு வருமா? பருவம் முடிந்ததும் நாட்டின் சிறந்த கல்லூரிகள் மோதும் பெரிய போட்டிக்கு, அந்தந்த வட்டாரத்தில் கோப்பை வாங்கியவர்கள் நேரே போய்விடுவார்கள். மிச்ச இடங்களுக்கு ஒரு குழு உட்கார்ந்து, தரவரிசையைப் பார்த்து அழைக்கும். எர்லீன் வந்த நாளிலிருந்து பேயூ ப்ளாங்கை யாரும் அழைத்ததில்லை. இந்த முறை அணி வாசற்படியில் நின்றது. ஒரு படி ஏறினால் உள்ளே, ஒரு படி சறுக்கினால் வெளியே.

“செவ்வாய்க்கிழமை ஆட்டம்தான் வினை” என்றான் அல்சீட், ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

“மிசிசிப்பிலேர்ந்து வர்ற அந்தச் சின்னக் கல்லூரியா? அவங்க இந்த வருஷம் ஜெயிச்சதே கொஞ்சம்தானே?”

“அதான் வினைங்கறேன். யாரோட ஆடுறோம்னும் கணக்குப் பாக்குறானுங்க. நோஞ்சானோட ஆடி ஜெயிச்சாலும் நம்ம வரிசை இறங்கும். நல்லா கெட்டியா வந்த கம்போ சூப்புப் பானையில ஒரு வாளி தண்ணி ஊத்தின மாதிரி. தோத்தோம்னு வை, பானையையே கவுத்தாச்சு.”

“அப்ப எதுக்கு அந்த ஆட்டத்தை வச்சாங்க?”

“வைக்கும்போது நாம இவ்ளோ தூரம் வருவோம்னு யாரு கண்டா? இப்ப புத்தியுள்ள கோச்சுங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? மழை பேஞ்சிடும்.” கத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணைச் சிமிட்டினான். “வருஷக் கடைசியில எல்லா ஊர்லயும் மழை பேயும், ஷா. எங்கெங்க நோஞ்சான் வர்றானோ, கரெக்டா அங்கங்க.”

‘ஷா’ என்றால் அவர்கள் வீட்டுப் பிரெஞ்சில் செல்லம். தங்கையை மடக்க வேண்டியிருந்தால் அல்சீட் அதைச் சேர்த்துக்கொள்வான்.

எர்லீன் சிரிக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவளுக்கு இன்னொரு விஷயம் தெரியும். இந்த ஞாயிறு காலையில்தான் ஆட்டக்காரப் பையன் டெல்மர் சவுவா அவளிடம் சொல்லியிருந்தான்.

டெல்மர் கேட்சர். அடிப்பவனுக்குப் பின்னால் குத்தவைத்து, பிட்சர் எறியும் பந்தைப் பிடிக்கிறவன். ஆனால் ஆட்டத்தில் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம், பிட்சர்கள் கை சூடேற்றிக்கொள்கிற ஒதுக்குப்புறத்தில் பிடிக்கிறவன். நாலு வருஷமாக அதுதான் அவன் வேலை. ஆட்டத்துக்கு அவனைவிடக் கெட்டிக்காரன் எப்போதும் ஒருத்தன் இருந்தான். தாத்தாவின் பெயரை வைத்ததால் கூட்டாளிகள் அவனைத் ‘தாத்தா’ என்றே கூப்பிட்டார்கள். அவனும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்து காட்டுவான். தார்ப்பாய் இழுக்க முதலில் வருகிறவனும் கடைசி மூட்டையைச் சுமந்துவிட்டுப் போகிறவனும் அவன்தான். எர்லீனிடம் தேவையில்லாமல் பேச்சுக் கொடுக்க மாட்டான். அதனாலேயே அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு காலை மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னான்.

“மிஸ் எர்லீன், செவ்வாய்க்கிழமை நான் ஆடுறேன்.”

“எங்க?”

“இங்கதான். முதல்லேர்ந்து. கோச் சொல்லிட்டாரு. எப்பவும் பிடிக்கிற பையனுக்கு ஓய்வு குடுக்கணுமாம்.” மூட்டையைக் கீழே வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான். “அப்பா அன்னிக்குத்தான் கரைக்கு வர்றாரு. இல்லன்னா எப்பவும் நம்ம ஆட்டம் இருக்கிறப்ப அவரு கடல்ல இருப்பாரு, அவரு வீட்ல இருக்கிறப்ப நான் வேலிக்குப் பின்னாடி இருப்பேன்.”

அவன் அப்பாவுக்குக் கடலுக்குள் எண்ணெய்த் தளத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். மகன் கல்லூரிச் சட்டை போட்டு ஆடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

“மூட்டையைக் கீழ வை” என்றாள் எர்லீன். பிறகு யோசித்து, “நல்லா இருக்கும்” என்றாள். அவளைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

திங்கட்கிழமை மத்தியானம் கோச் மாரெல் வந்தார். நல்ல மனுஷன். பேசும்போது ஆளின் முகத்தைப் பார்ப்பவர். அன்று மேற்கே பார்த்தார். டெக்சஸ் பக்கமிருந்து மேகம் கருநீலமாகத் திரண்டு வந்துகொண்டிருந்தது.

“பெரிய மழையாம், எர்லீன்.”

“ஆமா, கோச். பையன்களைக் கூப்பிடவா?”

“வேண்டாம். இன்னிக்கு விட்டுடுங்க.”

“தார்ப்பாயையா?”

“ரொம்ப வேலை பாத்துட்டீங்க இந்த வருஷம். ஒருநாள் போடலன்னா என்ன.”

அவர் போன பிறகும் எர்லீன் உருளைக்குப் பக்கத்திலேயே நின்றாள். மழை பெய்து செம்மண் சகதியானால் செவ்வாய்க்கிழமை யாரும் ஆட முடியாது. மிசிசிப்பிக்குத் தகவல் போகும், பஸ் கிளம்பாது. அணியின் வரிசை இறங்காது. டெல்மர் வேலிக்குப் பின்னாலேயே இருந்து படிப்பை முடித்துப் போவான். அல்சீட் சொன்னது சரிதான், எல்லா ஊரிலும் செய்கிறார்கள். மேலிருந்து பெய்கிற மழையை யாரும் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் மேகத்தைப் பார்க்கப் பார்க்க அவள் கை பரபரத்தது. கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

“மூடலையா?” என்றான் அல்சீட்.

“கோச் வேண்டாம்னாரு.”

அல்சீட் கரண்டியை ரேடியோ பக்கமாக உயர்த்தி ஒரு வணக்கம் போட்டான். “நான் சொன்னேன்ல. இவருதான்யா கோச்சு.”

மழை வரும் வழியிலேயே வடக்கே திரும்பிவிட்டது. ஊருக்குக் கிடைத்தது நாலு தூறலும் கொஞ்சம் காற்றும்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் எர்லீன் வந்தபோது செம்மண் சொன்ன பேச்சுக் கேட்கிற மாதிரி கிடந்தது. மேல்பொருக்கு மட்டும் சற்று ஈரம். ஆடுவதற்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது. வேலிக்கு வெளியே ஒரு பிக்கப் லாரி நின்றிருந்தது. பின்பலகையை இறக்கிப் போட்டு அதில் ஒரு ஆள் உட்கார்ந்து காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். கனத்த வேலைப்பூட்ஸ். தாடையில் பல நாள் தாடி.

“ஆட்டம் சாயங்காலம்தான்” என்றாள் எர்லீன்.

“தெரியும். ஹெலிகாப்டர்லேர்ந்து இறங்கி நேரா வந்துட்டேன். வீட்டுக்குப் போனா தூங்கிடுவேன், தூங்கினா எழுந்திருக்க மாட்டேன்.” எழுந்து தொப்பியைக் கழற்றினார். “நான் டெல்மரோட அப்பா. நீங்க மிஸ் எர்லீன்தானே? பையன் சொல்லியிருக்கான்.”

“என்னைப் பத்தியா?”

“உங்க மண்ணுல விழுந்தா வலிக்காதுன்னு சொன்னான். இவன் எப்படா விழுந்தான்னு நினைச்சுக்கிட்டேன். அவன்தான் உள்ளயே வர்றதில்லையே.” சிரித்தார். பிறகு வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார். “நான் வந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம். இப்பவே தெரிஞ்சா பதற்றப்படுவான். அவங்கம்மா மத்தியானமா அக்கா தங்கச்சியெல்லாம் கூட்டிட்டு வருவா. அவ வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும்.”

எர்லீன் தலையாட்டிவிட்டு உள்ளே போய் மட்டப்பலகையால் மண்ணை இழுக்கத் தொடங்கினாள். ஒரு சுற்று முடிப்பதற்குள் கோச் வந்துவிட்டார். செம்மண்ணில் இறங்கிக் குதிகாலால் அழுத்திப் பார்த்தார். குதிகால் உள்ளே போகவில்லை.

“காய்ஞ்சிருக்கு” என்றார்.

“ஆமா, கோச்.”

“மிசிசிப்பி பஸ் இன்னும் கிளம்பல. இப்ப சொன்னாத்தான் மரியாதை.” கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். “எர்லீன், இந்தத் தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர். அது சில நேரம் தானா ஓடிக்கிட்டே இருந்துடும் இல்ல? மூட மறந்துட்டா.”

“நான் மறந்ததில்லையே.”

“தெரியும். ஒருதடவை மறந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்ல விட மாட்டேன்.” குரல் தாழ்ந்தது. “இந்தப் பசங்களுக்கு இந்த மாதிரி ஒரு வருஷம் திரும்ப வராது. நான் எனக்காகக் கேக்கல.”

அவர் பொய் சொல்லவில்லை என்று எர்லீனுக்குத் தெரிந்தது. அதுதான் சங்கடமாக இருந்தது. வகுப்பில் வாசிக்க எழுப்பி நிறுத்திய அதே பிள்ளையாக நின்றாள். மழை பெய்திருந்தால் அது மழை. இது தண்ணீர், திறப்பது அவள் கை, அவள் பெயரில் ஒரு மறதி. முடியாது என்று வாயால் சொல்ல வரவில்லை. இடுப்பு வளையத்திலிருந்து தண்ணீர்ப் பெட்டியின் சாவியைக் கழற்றி நீட்டினாள்.

“நீங்களே திறங்க, கோச்.”

அவர் வாங்கிக்கொண்டார். சாவியைப் பார்த்தார். பிறகு முதல்முறையாக வேலிப்பக்கம் பார்த்தார்.

“யாரு அது?”

“டெல்மரோட அப்பா. கடல்லேர்ந்து நேரா வந்திருக்காரு.”

மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் தொட்டுப்போகிற பேஸ்களில் மூன்றாவதின் பக்கம் போய்விட்டாள். கோச் சாவியைக் கையில் வைத்தபடி அங்கேயே நின்றார். வேலிக்கு அப்பாலிருந்து அந்த மனுஷன் கூப்பிட்டுக் கேட்பது அவளுக்குக் காதில் விழுந்தது.

“காலை வணக்கம், கோச். இன்னிக்கு ஆட்டம் உண்டுதானே? மழைன்னாங்களே?”

எர்லீன் திரும்பிப் பார்க்காமல் பலகையை இழுத்தாள். ஒரே இடத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தாள்.

“மழை தள்ளிப் போயிடுச்சு” என்றார் கோச். “ஆடுறோம்.”

சாவியைத் தண்ணீர்ப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வேலியோரம் போய்க் கம்பி வழியாக விரல்களை நீட்டி அந்த ஆளோடு கைகுலுக்கினார்.

டெல்மர் பிரமாதமாக ஒன்றும் ஆடிவிடவில்லை. முதல் தடவை அடிக்க வந்து மூன்று பந்துக்கும் மட்டையைக் காற்றில் வீசிவிட்டுத் திரும்பினான். ஒரு பந்து கையுறையிலிருந்து நழுவி, அதில் எதிரணிக்கு ஒரு ஓட்டம் கிடைத்தது. இன்னொரு தடவை பந்து அவன் விலாவில் பட்டதால் முதல் பேஸ் கிடைத்தது. அதற்கு அவன் அம்மா க்ளோடெட்டும் அவள் அக்கா தங்கைகளும் கோப்பை வாங்கிய மாதிரி ஆர்ப்பரித்தார்கள்.

“தாத்தாவுக்கு விலா போச்சு, யாராவது தைலம் கொண்டாங்கடா” என்று கூட்டாளிகள் கத்தினார்கள்.

ஆட்டம் கடைசி வரை இழுபறியாகவே போயிற்று. முடிகிற கட்டத்தில் எதிரணியின் வேகக்காரன் ஒருத்தன் பந்தை யாரும் அடிக்காமலேயே முதல் பேஸிலிருந்து இரண்டாவதைத் திருட ஓடினான். டெல்மர் குத்தவைத்த நிலையிலிருந்து எழுந்த வேகத்திலேயே எறிந்தான். பந்து பிட்சரின் தொப்பியை உரசுகிற மாதிரி போய், சறுக்கி வந்தவனின் காலுக்கு முன்னால், அங்கே நின்ற கூட்டாளியின் கையுறையில் காத்திருந்தது. அவன் அவுட். டெல்மரை எழுப்பியது வேலிக்குப் பின்னால் நாலு வருஷம் குத்தவைத்த கால். டெல்மரின் அப்பா கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தை அதில் பொத்திக்கொண்டார். எர்லீன் கருவிக் கொட்டகை வாசலில் நின்று ஆட்டத்தைவிட அவரையே அதிகம் பார்த்தாள்.

அணி தட்டுத்தடுமாறி ஜெயித்தது. வரிசை இறங்கியது. ரேடியோவை அணைத்துவிட்டு அல்சீட் சாப்பிடாமல் படுத்தான்.

பிறகு வட்டாரக் கோப்பைக்கான ஆட்டங்களில் அரையிறுதிவரை போய்த் தோற்றார்கள். நேர்வழி அடைபட்டது. அழைப்பு மட்டுமே மிச்சம். அறிவிக்கிற நாளில் கல்லூரி உணவுக்கூடத்தில் பெரிய டிவி வைத்து எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். கோச் ஆளனுப்பியதால் எர்லீனும் போய்க் கதவோரம் நின்றாள். ஒவ்வொரு ஊர்ப்பெயராக வந்தது. பையன்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கட்டமும் நிரம்பியது. அதன் பிறகு, வாசல்வரை வந்து வெளியே நின்றவர்கள் என்று நாலு கல்லூரிகளைக் காட்டினார்கள். முதல் பெயர் பேயூ ப்ளாங்.

கூடத்தில் யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய சத்தம் மட்டும் கேட்டது.

வாசலில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் கோச்சை மடக்கினான். “அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தைத் தவிர்த்திருக்கலாமே?”

“மைதானம் நல்லா இருந்துச்சு, ஆடினோம்” என்றார் கோச். எர்லீன் இருந்த பக்கம் அவர் பார்வை திரும்பவில்லை.

வீட்டில் அல்சீட் பொரிந்து தள்ளினான். “ஒரு படி. ஒரே ஒரு படி, ஷா. அந்த மனுஷனுக்கு ஒரு ஹோஸ் பைப் கூடவா கிடைக்கல?” எர்லீன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அவன் பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். தங்கையின் மௌனங்களில் எது வெறும் மௌனம், எது அப்படி இல்லை என்று அவனுக்குத் தெரியும். பிறகு மீன் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினான். “முள்ளு இருக்கு, பாத்து” என்றான்.

அடுத்த நாள் பையன்கள் அறைகளைக் காலி செய்தார்கள். எர்லீன் அடிக்கிறவர்கள் நின்று நின்று பள்ளமான இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தாள். டெல்மர் தோளில் பையோடு வந்து நின்றான். மண்வெட்டியை எடுக்கப் போனான், எடுக்கவில்லை.

“எல்லாரும் சொல்றாங்க, அந்த ஆட்டம்தான் கெடுத்துச்சுன்னு.”

“யாரு?”

“என்னைப் பாத்து யாரும் சொல்லல. நான் போனா பேச்சை மாத்துறாங்க.” செருப்பால் மண்ணைத் தேய்த்தான். “அதை ரத்து பண்ணியிருக்கணும், மிஸ் எர்லீன். என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். எனக்காக ஆடியிருக்கக் கூடாது.”

எர்லீன் கொத்துவதை நிறுத்தினாள். இந்தப் பையன் இந்த நினைப்பைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரப் போகிறான், அப்பா தொப்பிக்குள் முகம் பொத்தியதும் இதோடு சேர்ந்தே அவனுக்கு ஞாபகம் வரும் என்று நினைத்தாள். தொண்டை வழக்கம்போல அடைத்தது. அடைத்தால் அடைக்கட்டும் என்று பேசினாள்.

“அன்னிக்குக் காலையில தண்ணி திறந்துவிடச் சொன்னாங்க. நான் திறக்கல.”

டெல்மர் நிமிர்ந்து பார்த்தான்.

“திறந்திருந்தா ஆட்டம் இல்ல. என் கையிலதான் இருந்துச்சு. உன் கையில இல்ல. அதனால இது உன்னோடது இல்ல. எனக்கும் கோச்சுக்கும் உள்ளது.”

“ஏன் திறக்கல?”

“மண்ணு நல்லா இருந்துச்சு.” அது முழுப் பதில் இல்லை என்று அவளுக்கே பட்டது. “உங்கப்பா விடிஞ்சதுமே வேலியோரம் வந்து உக்காந்துட்டாரு. நான் எப்படித் திறக்கிறது?”

அவன் பையை இறக்கி வைத்தான். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். இரண்டாம் பேஸ் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அணி போயிருந்தா நீங்களும் பாத்திருப்பீங்கல்ல? இத்தனை வருஷத்துல ஒருதடவை.”

“ஆமா” என்றாள். “நானும்தான் ஆசைப்பட்டேன்.”

“வருத்தமா இருக்கா?”

“இருக்கு.” மண்வெட்டியை அவன் பக்கம் சாய்த்தாள். “மறுபடி அந்தக் காலை வந்தாலும் திறக்க மாட்டேன்.”

டெல்மர் சிரித்தான். சிரிப்பு நடுவில் உடைந்து, பிறகு சரியாயிற்று. “இதை அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, மிஸ் எர்லீன். உங்க படத்தை வீட்டுக் கூடத்துல மாட்டிடுவாரு. அம்மா அதுக்குப் பூ வேற வைப்பா.”

“நான் எங்க பேசப்போறேன்.”

“அதுவும் சரிதான்.”

அவன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினான்.